ஐந்தாம் லெவல் விசார்டின் இரண்டு பெரிய ஸ்லாட்டுகள்: எந்த மந்திரத்துக்கு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் விசார்ட் (ஏட்டிலிருந்து மந்திரம் போடும் மந்திரவாதி) ஆடுகிறவர்கள் எல்லோரும் காத்திருப்பது ஐந்தாம் லெவலுக்குத்தான். மூன்றாம் நிலை மந்திரங்கள் அப்போதுதான் திறக்கின்றன. ஃபயர்பால், ஹிப்னாடிக் பேட்டர்ன், ஹேஸ்ட், ஸ்லோ, கவுன்டர்ஸ்பெல் என்று சண்டையின் போக்கையே மாற்றக்கூடியவை ஒரே சமயத்தில் வந்து நிற்கும். ஆனால் லெவல் ஏறும்போது மந்திர ஏட்டில் செலவில்லாமல் எழுதிக்கொள்ள முடிவது இரண்டைத்தான். அந்த நிலைக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் ஸ்லாட்டும் (ஒருமுறை மந்திரம் போட்டால் ஒன்று செலவாகும்) இரண்டுதான். எந்த இரண்டை எழுதுவது, எழுதியதை எந்தச் சண்டையில் இறக்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். கணக்கெல்லாம் 2014 விதிகளின்படி. 2024 பதிப்பு மாறும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு முதல் நிலையில் 4, இரண்டாம் நிலையில் 3, மூன்றாம் நிலையில் 2 ஸ்லாட். இதோடு ஆர்கேன் ரெக்கவரி இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை, ஒரு ஷார்ட் ரெஸ்ட் முடிவில், நிலைகளின் கூட்டுத்தொகை லெவலில் பாதியைத் (மேல்நோக்கி முழுமையாக்கி) தாண்டாத அளவுக்கு ஸ்லாட்டுகளை மீட்டுக்கொள்ளலாம். ஐந்தின் பாதி மூன்று என்றாகிறது. அதாவது ஒரு மூன்றாம் நிலை ஸ்லாட்டை அப்படியே திரும்ப எடுக்கலாம். ஆக, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கிடைத்தால் நாளுக்கு மூன்று பெரிய மந்திரங்கள்.

டிஎம்முக்கான (ஆட்டத்தை நடத்துகிறவர்) 2014 கையேடு ஒரு நாளைக்கு நடுத்தரமோ கடினமோ ஆன மோதல்கள் 6 முதல் 8 வரை தாங்கும் என்கிறது. அப்படி ஆடுகிற மேசைகள் எனக்குத் தெரிந்து குறைவு. பெரும்பாலான கேம்பெயின்களில் ஒரு லாங் ரெஸ்டுக்கும் (ஸ்லாட் எல்லாம் திரும்பி வரும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று சண்டைகள்தான் வருகின்றன. உங்கள் மேசையும் அப்படித்தான் என்றால் சண்டைக்கு ஒரு பெரிய மந்திரம் என்று துணிந்து செலவழிக்கலாம். "பாஸ் வருவான், அவனுக்கு வைத்திருப்போம்" என்று இரண்டு ஸ்லாட்டையும் பத்திரப்படுத்திவிட்டு, கூட வந்தவர்கள் அடிவாங்கிக் கிழிந்த பிறகும் ஸ்லாட் செலவில்லாத ஃபயர் போல்ட் எறிந்துகொண்டிருக்கும் விசார்டுகளை நிறையப் பார்க்கிறேன். லாங் ரெஸ்டின்போது மிச்சமிருக்கும் ஸ்லாட் மறுநாளுக்குச் சேராது.

ஒரு மந்திரம் ஸ்லாட்டின் மதிப்புக்கு ஈடு கொடுத்ததா என்று பார்க்க நான் டேமேஜைக் கூட்டுவதில்லை. எதிரியின் டர்ன் எத்தனை குறைந்தது என்று எண்ணுவேன். எதிரி ஒருவன் செத்தாலும் சரி, மயங்கி நின்றாலும் சரி, வலையில் சிக்கினாலும் சரி, அவன் நம்மேல் கைவைக்காமல் போன டர்ன் ஒவ்வொன்றும் நமக்கு லாபம். ஃபயர்பாலையும் ஹிப்னாடிக் பேட்டர்னையும் ஒரே தராசில் நிறுத்த எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான்.

இன்டெலிஜென்ஸ் 18 என்று வைத்துக்கொள்வோம். நம் மந்திரங்களை எதிர்க்க எதிரிக்கு இருபது பக்கப் பகடையில், தன் திறன் எண்ணையும் கூட்டி, 15 வேண்டும் (இதுதான் சேவ்). ஃபயர்பால் 150 அடி தூரம் வரை போகும். 20 அடி ஆரத்தில் வெடிக்கும். 8டி6 (ஆறு பக்கப் பகடை எட்டு), சராசரி 28. டெக்ஸ்டெரிட்டி சேவ் ஜெயித்தால் பாதி.

எதிரே ஆறு ஓர்க்குகள். ஆளுக்கு 15 ஹிட் பாயின்ட் (உயிர் அளவு), டெக்ஸ்டெரிட்டி +1. ஒவ்வொருவனும் சேவில் தோற்க 65 சதவீத வாய்ப்பு. ஆறில் ஏறக்குறைய நான்கு பேர் தோற்பார்கள், தோற்றவன் எழுந்திருக்க மாட்டான். ஜெயித்த இருவருக்கும் 14 போல விழும், ஒரு பாயின்டில் நின்றுகொண்டிருப்பார்கள். பகடை கொஞ்சம் கைகொடுத்து மொத்தம் 30 வந்துவிட்டால் ஆறு பேரும் காலி. நம் ஒரு ஆக்‌ஷனுக்கு நான்கு பேர், அதுவும் கான்சென்ட்ரேஷன் (மந்திரம் நிலைக்க விசார்ட் கவனம் குலையாமல் இருப்பது) இல்லாமல், நிரந்தரமாக. இதோடு போட்டிபோட இந்த நிலையில் வேறு மந்திரம் கிடையாது.

இப்போது அதே ஃபயர்பாலை மூன்று ஓகர்கள் மேல் எறிந்து பாருங்கள். ஓகருக்கு 59 ஹிட் பாயின்ட். டெக்ஸ்டெரிட்டி −1 என்பதால் சேவில் தோற்க 75 சதவீதம். ஆளுக்குச் சராசரி 24.5 விழுகிறது, மூன்று பேருக்கும் சேர்த்து 73. கேட்கப் பெரிய எண். ஆனால் ஒருவனும் விழவில்லை. அடுத்த டர்னில் மூன்று தடிகளும் 2டி8+4 கணக்கில் இறங்கும். ஏசி (கவச எண்) 16 உள்ள ஃபைட்டர்மேல் 55 சதவீதம் படும்.

ஹிப்னாடிக் பேட்டர்ன் 120 அடி தூரம் வரை, 30 அடி கனசதுரத்துக்குள் அதைப் பார்க்கிற எல்லோரையும் பிடிக்கும். விஸ்டம் சேவ். தோற்றவன் சார்ம் ஆகி, அசையாமல், ஆக்‌ஷன் எதுவும் எடுக்க முடியாமல் நிற்பான். ஒரு நிமிடம் வரை நிற்கும், அதாவது பத்து ரவுண்டு. ரவுண்டுக்கு ரவுண்டு மறுபடி சேவ் போடும் வாய்ப்பு அவனுக்குக் கிடையாது. இந்தக் கடைசி வரிதான் இதன் உயிர். ஓகரின் விஸ்டம் −2. தோற்க 80 சதவீதம். மூன்றில் இரண்டு பேராவது மயங்குவார்கள் என்று நம்பிப் போடலாம்.

டர்ன் கணக்குக்கு வருவோம். நம் நால்வரும் சேர்ந்து ரவுண்டுக்கு 40 டேமேஜ் கொடுப்பதாகக் கொள்வோம். பெரிய மந்திரம் எதுவும் இல்லாமல் மூன்று ஓகர்களைச் சாய்ப்பதற்குள் அவர்களுக்கு ஒன்பது டர்ன் போலக் கிடைக்கும். முதலில் ஃபயர்பால் போட்டால் ஐந்து. பேட்டர்ன் போட்டு இருவர் மயங்கினால் மூன்று. விழித்திருப்பவனை நால்வரும் சூழ்ந்து முடிக்கிறார்கள், பிறகு மயங்கியவர்களை ஒருவர்பின் ஒருவராக எழுப்பி அடிக்கிறார்கள். சண்டை ஒரு ரவுண்டு கூடுதலாக இழுக்கும். ஆனால் குணமாக்கும் மந்திரத்துக்காக கிளெரிக் செலவழிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

எதிரியின் ஹிட் பாயின்ட் 28க்குக் கீழே இருந்து, கூட்டமும் நாலைந்துக்கு மேல் இருந்தால் ஃபயர்பால் என்று இதிலிருந்து ஒரு எல்லை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பேட்டர்ன். நடுவில் இருக்கும் ஆட்களுக்கு, அடுத்து டர்ன் யாருடையது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேட்டர்ன் எறிவது சுலபம். எறிந்த பிறகு மேசையில் இருக்கும் மற்ற மூவரையும் கட்டுப்படுத்துவதுதான் பாடு. எங்கள் ஆட்டத்தில் ஒரு இடிந்த பாலத்துச் சண்டை. இரண்டு ஓகர்களும் மூன்று காப்ளின்களும் பேட்டர்னில் நிற்கிறார்கள், ஒரு ஓகர் மட்டும் விழித்திருக்கிறான். பார்பேரியன் ஆடியவன் பகடையைக் கையில் எடுத்து, பக்கத்தில் அசையாமல் நின்ற காப்ளினைக் குறிவைத்தான். "மச்சி, மயங்கி நிக்கிறவனத் தொடாத. அந்தத் தடியன முடி மொதல்ல" என்று நான் கத்தியது பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். டேமேஜ் பட்டால் அந்த ஆள் விழித்துவிடுவான். பக்கத்தில் இருப்பவன் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து உலுக்கினாலும் விழிப்பான். ஆனால் உலுக்குகிறவனுடைய ஆக்‌ஷன் அதில் போய்விடுகிறது, அதுவும் நமக்கு லாபம்தான்.

இன்னொன்றையும் மேசையில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மயங்கி நிற்பவனை அடிக்கும்போது அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2014 விதியில் இன்கபாசிடேட்டட் (செயலிழந்த) நிலைக்கு மட்டும் அது கிடையாது. அதனால் ஒருவர் குத்தி எழுப்பிவிட்டு அவனுக்கு டர்ன் கொடுப்பதைவிட, எல்லோரும் அவனைச் சூழ்ந்து நின்று, அவன் டர்னுக்கு முன்னால் வரிசையாக அடிக்கும்படி ரெடி ஆக்‌ஷன் வைத்துக்கொள்வது நல்லது. ஃபயர்பாலுக்கு இப்படிப்பட்ட ஒழுங்கு எதுவும் வேண்டாம். உங்கள் மேசையில் இருப்பவர்கள் கேட்டு ஆடுகிறவர்கள் இல்லை என்றால், அது ஃபயர்பால் பக்கம் ஒரு உண்மையான காரணம்.

எதிரி யார் என்பதும் முடிவை மாற்றும். கோலெம், ஆனிமேட்டட் ஆர்மர், ரெய்த் போன்றவற்றுக்கு சார்ம் ஏறாது, பேட்டர்ன் அங்கே வீண். டிரவ் உட்பட எல்ஃப் இனத்தவருக்கு சார்முக்கு எதிரான சேவில் அட்வான்டேஜ் உண்டு. மறுபக்கம் டெவில்களுக்குத் தீ ஏறாது, டீமன்கள் பலருக்குப் பாதிதான் ஏறும். கேம்பெயின் எந்தப் பக்கம் போகிறது என்று டிஎம்மிடம் லெவல் ஏறும் முன்பே ஜாடையாகக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

ஹேஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைட்டருக்கு ஏசி +2, இரட்டிப்பு வேகம், டர்னுக்கு ஒரு அடி கூடுதல். பெரிய வாள் வைத்திருப்பவனுடைய ஒரு அடி 11, 65 சதவீதம் படும் என்றால் ரவுண்டுக்கு 7 டேமேஜ். ஒரு ஃபயர்பால் ஒரே ஒரு ஆளுக்குக் கொடுக்கும் 28ஐ எட்ட நான்கு ரவுண்டு ஆகிறது. அதற்குள் நம் கான்சென்ட்ரேஷன் உடைந்தால் அந்த ஃபைட்டர் ஒரு டர்ன் முழுக்க அசைய முடியாமல் நிற்பான். ஒற்றை எதிரி, நீண்ட சண்டை, பறந்து போகிறவனைத் துரத்த வேண்டிய நிலை என்றால் சரி. மற்றபடி ஐந்தாம் லெவலில் அந்த ஸ்லாட்டை இதில் போட நான் சொல்ல மாட்டேன். ஃபைட்டர் ஆடும் நண்பர் கெஞ்சிக் கேட்பார், அவருக்கு அது சந்தோஷம் தரும் என்பதும் உண்மைதான்.

ஸ்லோவுக்கு இதைவிட மதிப்பு அதிகம். 40 அடி கனசதுரத்துக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரை மட்டும் பிடிக்கும், நம் ஆட்களை விட்டுவிடும். பாதி வேகம், ஏசி −2, ரியாக்‌ஷன் (மற்றவர் டர்னில் செய்யும் பதில்செயல்) இல்லை, டர்னுக்கு ஒரு அடிக்கு மேல் கிடையாது. சார்ம் ஏறாதவர்களுக்கும் ஏறும். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மறுபடி சேவ் உண்டு என்பதுதான் குறை.

கவுன்டர்ஸ்பெல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது ஸ்லாட்டைச் செலவழிக்கும் மந்திரம் மட்டுமில்லை, செலவழிக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லும் மந்திரமும் கூட. 60 அடிக்குள் எதிரி மந்திரம் போடுவதைப் பார்த்தால் ரியாக்‌ஷனில் மறிக்கலாம். மூன்றாம் நிலை வரை தானாக அடங்கும். அதற்கு மேல் 10 கூட்டல் அந்த மந்திரத்தின் நிலை என்ற எண்ணை இன்டெலிஜென்ஸ் பகடையில் எட்ட வேண்டும். மான்ஸ்டர் மேனுவலில் வரும் மேஜ், கோன் ஆஃப் கோல்டை ஐந்தாம் நிலையில் போடுவான், 8டி8, சராசரி 36. அதை மறிக்க நமக்கு 15 வேண்டும், +4 வைத்துக்கொண்டு சரிபாதி வாய்ப்பு. ஐந்தாம் லெவல் ஆட்கள் மூன்று பேரை ஒரே மூச்சில் சாய்க்கக்கூடிய அடிக்கு எதிராகப் பாதி வாய்ப்பு என்பது நல்ல பேரம். ஆனால் எதிரில் மந்திரக்காரன் இல்லாத சண்டைக்கு இதற்காக ஸ்லாட்டை ஒதுக்கி வைப்பது, சண்டையில் பாதி பலத்தோடு நிற்பதற்குச் சமம். அங்கியும் கோலும் கண்ணில் பட்டால் ஒன்றை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். 2024 பதிப்பில் இது இன்னும் மெலிந்துவிட்டது. எதிரி கான்ஸ்டிட்யூஷன் சேவ் போடுவான், தோற்றாலும் அவனுடைய ஸ்லாட் போகாது. அந்தப் பதிப்பில் ஆடுகிறவர்கள் இதை ஐந்தாம் லெவலில் எழுத அவசரப்பட வேண்டாம்.

ரியாக்‌ஷன் என்றதும் தற்காப்பு மந்திரமான ஷீல்டைச் சொல்லியாக வேண்டும். ரவுண்டுக்கு ஒரே ரியாக்‌ஷன். ஷீல்டில் அது போய்விட்டால் கவுன்டர்ஸ்பெல் இல்லை. மேஜ் ஆர்மரும் டெக்ஸ்டெரிட்டி +2வும் சேர்ந்த ஏசி 15 மேல் ஓகர் 60 சதவீதம் அடிப்பான். ஷீல்ட் போட்டு 20 ஆக்கினால் 35. முதல் நிலை ஸ்லாட்டுகள் நான்கையும் மேஜிக் மிசைலில் கரைக்காமல் (சராசரி 10.5தான் வரும், செலவில்லாத ஃபயர் போல்ட் பட்டாலே 11) மேஜ் ஆர்மருக்கு ஒன்று, ஷீல்டுக்கு மூன்று என்று பிரித்துவைத்தால், பெரிய ஸ்லாட்டில் போட்ட பேட்டர்ன் நிலைத்து நிற்கும். அடிபட்டால் கான்சென்ட்ரேஷனுக்கு 10 எட்ட வேண்டும், அல்லது டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள விசார்ட் ஒவ்வொரு அடிக்கும் 35 சதவீதம் தவறவிடுவான். இரண்டு அடி விழுந்தால் மந்திரம் நிற்பதைவிட உடைவதற்கே வாய்ப்பு அதிகம். ஓகர்கள் இருவர் ஒரேயடியாக விழிப்பதைவிட ஒரு முதல் நிலை ஸ்லாட் மலிவு.

மூன்றாம் நிலை ஸ்லாட்டை யோசிக்கும்போது இரண்டாம் நிலையில் இருக்கும் வெப்பை மறக்காதீர்கள். பல சண்டைகளில் பெரிய ஸ்லாட் செய்யும் வேலையை இதுவே செய்துவிடும். 20 அடி கனசதுரம், கான்சென்ட்ரேஷன், ஒரு மணி நேரம் வரை. டர்னை வலைக்குள் தொடங்குகிறவனும் உள்ளே நுழைகிறவனும் டெக்ஸ்டெரிட்டி சேவ் போட வேண்டும். தோற்றால் கட்டுண்டு நிற்பான். அவனை அடிக்க நமக்கு அட்வான்டேஜ், அவன் அடிக்க டிஸ்அட்வான்டேஜ். விடுபட ஒரு ஆக்‌ஷன் செலவழித்து பலத்தில் 15 எட்ட வேண்டும். ஓகருக்கே அது பாதி வாய்ப்புதான். ஜெயித்தாலும் அந்த டர்னில் அவன் அடிக்கவில்லை. குகை வாசல், குறுகிய நடை, இரண்டு மரங்களுக்கு நடுவே என்று வலையைக் கட்ட இடம் இருந்தால் முதல் சண்டையை வெப்பில் முடித்துவிட்டு பேட்டர்னையும் ஃபயர்பாலையும் அடுத்ததற்கு வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் வலையைத் தரையில்தான் படரவிட முடியும், உயரம் ஐந்து அடிதான், அங்கே அதிகம் நம்ப வேண்டாம். வலையில் கட்டுண்டு நிற்பவர்களுக்கு டெக்ஸ்டெரிட்டி சேவில் டிஸ்அட்வான்டேஜ் என்பதால் அவர்கள்மேல் ஃபயர்பால் விழுவது தனி அழகு, வலை எரிந்துபோனாலும் பரவாயில்லை.

எந்த மந்திரமாக இருந்தாலும் முதல் ரவுண்டுதான் அதற்குச் சிறந்த நேரம். எதிரிகள் அப்போதுதான் கூட்டமாக நிற்பார்கள். நம் ஆட்கள் அவர்களுக்குள் கலந்திருக்க மாட்டார்கள். நிறுத்திய டர்ன்களின் எண்ணிக்கையும் முதல் ரவுண்டில் போட்டால்தான் அதிகம், நான்காவது ரவுண்டில் நிறுத்த என்ன மிச்சம் இருக்கும்? இனிஷியேட்டிவில் (ஆடும் வரிசையில்) நீங்கள் பின்னால் வந்து, ரோக் முன்னால் வந்தால், "ஒரு நிமிஷம் இங்கயே நில்லு, நான் போட்டதும் போ" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். எவோகேஷன் பள்ளி விசார்டுக்கு மட்டும் இந்தக் கவலை பாதி குறைவு. ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் இருப்பதால் ஃபயர்பாலுக்குள் நிற்கும் நான்கு நண்பர்கள்வரை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றலாம். நீங்கள் அந்தப் பள்ளி என்றால் ஃபயர்பாலை முதலில் எழுதுங்கள், மேலே போட்ட எல்லைக் கோட்டையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

விசார்ட் இல்லாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சார்சரருக்கும் ஐந்தாம் லெவலில் அதே ஸ்லாட்டுகள், கூடவே ஐந்து சார்சரி பாயின்ட். ஐந்தையும் கொடுத்து இன்னொரு மூன்றாம் நிலை ஸ்லாட் செய்துகொள்ளலாம், ஆனால் அதன் பிறகு மெட்டாமேஜிக் (பாயின்ட் செலவழித்து மந்திரத்தை மாற்றும் வித்தை) இல்லாத, மந்திரங்களும் குறைவாகத் தெரிந்த விசார்டாகத்தான் நிற்பார். ஒரு பாயின்டுக்குக் கேர்ஃபுல் ஸ்பெல் போட்டு, கரிஸ்மா மாடிஃபையர் (+3, +4 போன்ற எண்) அளவுக்கு நண்பர்களை பேட்டர்னிலிருந்து விலக்கிவைப்பது எவ்வளவோ மேல். அவர்கள் சேவில் தானாக ஜெயிப்பார்கள், பேட்டர்னில் ஜெயித்தவனுக்கு எந்தப் பாதிப்பும் கிடையாது. கைகலப்பு ஆரம்பித்த பிறகும் பேட்டர்ன் போட முடிகிற ஒரே ஆள் சார்சரர்தான் என்றே சொல்வேன். வார்லாக்குக்கு இருப்பதே இரண்டு ஸ்லாட், இரண்டும் மூன்றாம் நிலை, ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் இரண்டும் திரும்பி வரும். அவர் சேமித்துவைக்கக் காரணமே இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று குழுவில் குரல் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அந்த ஓய்வில்தான் நம் ஆர்கேன் ரெக்கவரியும் வருகிறது, ஆகவே விசார்டும் வார்லாக்கும் இந்த விஷயத்தில் ஒரே அணி.

ஏட்டுக்கு வருகிறேன். ஐந்தாம் லெவலில் ஹிப்னாடிக் பேட்டர்ன் ஒன்று, ஃபயர்பால் ஒன்று. ஆறாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்லாட் மூன்றாகும், இன்னும் இரண்டு மந்திரம் எழுதலாம். அப்போது 2014 விதியில் ஆடுகிறவர்கள் கவுன்டர்ஸ்பெல்லையும் ஸ்லோவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹேஸ்ட் எங்காவது புதையலில் சுருளாகக் கிடைத்தால் செலவழித்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள், ஃபைட்டர் நண்பர் மகிழ்வார்.